அமலாவின் முருங்கைப் படிகம்

தாடிக்கொம்பு சாலையில் காலைப் பேருந்துக்கு நின்றிருந்தபோது அமலாவின் தங்கை போனில் அழைத்தாள். "அக்கா போயிருச்சுக்கா" என்றாள். வந்த பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அமலாவும் நானும் திண்டுக்கல்லில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். அவள் உயிர்வேதியியல், நான் வேதியியல். அவளோடு பழகி, இன்று அவளை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவளுடைய முருங்கை விதைப் பைத்தியம் தெரியும். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் புரதம் ஒன்று அந்த விதைக்குள் இருக்கிறது. அதன் உருவத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்குப் புரதம் முதலில் படிகமாக வேண்டும். அது லேசில் ஆகாது.

ஒருமுறை, புரதக் கரைசலைத் துளித்துளியாக வைத்திருந்த தட்டில் படிகம் மின்னியது. நான் அவசரக்குடுக்கை, துறைக்கே பிரியாணி வாங்கிவந்துவிட்டேன். அமலா நுண்ணோக்கியில் குனிந்து அதை ஊசியால் அழுத்தினாள். நறுக்கென்று உடைந்தது. புரதமாக இருந்தால் மெத்தென்று நசுங்கியிருக்கும். "வெறும் உப்பு. நம்ம ஊரு போர்த் தண்ணியக் காயவச்சா இதவிடப் பெருசா வரும். வா, பிரியாணி ஆறிப்போகும்" என்றாள்.

பிறகு நோய் வந்தது. சிகிச்சைக்கு மதுரை போய்வந்த நாட்களிலும் தட்டுகளைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டாள். கடைசியில் ஒரே ஒரு படிகம் வந்தது. மறுபடியும் ஊசியை எடுத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருக்கிறதே ஒண்ணு. அப்படியே எக்ஸ் கதிர் ஆய்வகத்துக்கு அனுப்பிரு. அடுத்தது வாரதுக்குள்ள..."

"நான் இருப்பேனான்னு கேக்குற. உப்ப அனுப்பிட்டுக் காத்துக் கெடக்கத்தான் எனக்கு நேரமில்ல" என்றபடி அழுத்தினாள். சத்தமில்லாமல் நசுங்கியது.

புரதமேதான். ஆனால் இருந்த ஒன்றும் போய்விட்டதே என்று நான் அழுதுவிட்டேன். அவளோ அந்தத் தூளைப் புதுத் துளிகளில் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். "பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதான். செத்த பொறு" என்றாள். சில வாரங்களில் துளிதோறும் படிகங்கள் நின்றன. அவற்றை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எக்ஸ் கதிர் பாய்ச்சி, அங்கே உருவத்தைக் கணித்தார்கள்.

அது வந்தபோது அமலா படுக்கையில் இருந்தாள். மடிக்கணினியை அவள் முன் பிடித்து, திரையில் தெரிந்த புரதச் சுருள்களை மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பிறகு சொன்னாள்: "ஒவ்வொரு வெதைக்குள்ளயும் இதே மடிப்புதான் ராஜி. ஒண்ணு தப்பாம. நாம பாத்தாலும் பாக்காட்டியும்."

வலியெல்லாம் மறந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தைபோல வியந்துகிடந்த அந்த முகத்தைத்தான் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். நேற்றுப் பெட்டிக்குள் பார்த்த முகத்தை நீங்கள் யாராவது வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வேண்டாம்.