பின் சீட்டில் புகைந்த கேன்

போன வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், கண்டியிலிருந்து லிந்துலைக்குப் போன ஒரு ஹயரில், அதாவது வாடகைச் சவாரியில், நடந்தது இது. நான் ஹட்டனில் வாடகை வேன் ஓட்டுகிறவன். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயம் ஒன்றில்தான் பிறந்து வளர்ந்தேன். அந்த வேன்தான் எங்கள் வீட்டு அடுப்பு. அதற்கு ஏதாவது ஆனால் எங்கள் வீட்டில் நாலு வயிறும் பட்டினி.

எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. கொஞ்சம் என்பது நான் சொல்வது. சாமியே வந்து ஏறினாலும் ஐடென்டி கார்டு கேட்கிற ஆள் என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். யார் எதைக் கொண்டுவந்து வண்டியில் வைக்கிறார்கள் என்று பார்க்காமல் ஓட்டி, பொலிஸில் மாட்டிக்கொண்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதிலும் நம் தமிழ்ப் பெயரைப் பார்த்தவுடன் கேள்வி இரண்டு மடங்காகிவிடும்.

இந்த ஹயருக்காகப் போனில் பேசிய அம்மா சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். பல்கலைக்கழகத்தில் பேராசிரியராம். மூன்று பேர், கொஞ்சம் சாமான், லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் கூட்டம். எல்லாம் சரி. கடைசியாக, “ஒரு பாத்திரம் வரும், அது சாயாமல் நிமிர்ந்தே நிற்க வேண்டும்” என்றார். என்ன பாத்திரம் என்று கேட்டேன். வந்து பாருங்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கண்டிக்குப் போய்ப் பார்த்தால், பால் சேகரிக்கிற கேன் மாதிரி கழுத்துச் சிறுத்த ஒரு அலுமினியக் கேன். வாயில் ஒரு தளர்ந்த மூடி. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. நெருப்பு இல்லை, சூடு இல்லை, ஆனால் புகை. அதை அந்த அம்மாவும், வாயே திறக்காத ஒரு வயதானவரும், மெலிந்த ஒரு பெண்ணுமாகத் தூக்கிவந்து கடைசி சீட்டில் கயிற்றால் கட்டினார்கள். வயதானவரும் பேராசிரியர்தானாம். அவர் கேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண் பேசிய தமிழ் நம் பக்கத்துத் தமிழ். கேட்டதற்கு, பொகவந்தலாவைத் தோட்டத்துப் பிள்ளைதான், இப்போது கண்டிப் பக்கம் ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்தது. அதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை. நம்ம பிள்ளையை ஏன் இதில் சேர்த்துக்கொண்டார்கள், ஏதாவது நடந்தால் அவளைக் கைகாட்டிவிடவா என்றுதான் யோசித்தேன். மூடியை ஒழுங்காக இறுக்கிவிடச் சொன்னேன்.

“இறுக்கி மூடினா வெடிச்சிரும் அண்ணே. அதனாலதான் இப்பிடி வச்சிருக்கோம்” என்றாள், சோறு ஆறிவிடும் என்று சொல்கிற மாதிரி.

பேசாமல் இறங்கிப் போயிருக்க வேண்டும். ஆனால் நல்ல ஹயர் கிடைத்து நாளாகியிருந்தது. வண்டியை எடுத்தேன்.

வழியில் அவள் கொஞ்சம் விளக்கிச் சொன்னாள். இவர்கள் எல்லாரும் ஒரு சங்கம் மாதிரி. உலோகத்தையும் காபனையும் நேரடியாக இணைத்துப் புதுப் புதுச் சேர்வைகள் செய்கிறவர்கள். சேதன உலோக இரசாயனம் என்று பெயர். நாடு முழுக்கத் தேடினாலும் இந்த வேலை செய்கிறவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்களாம். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது கூடி, ஒருவர் செய்ததை இன்னொருவர் பரிசோதிக்கக் கையோடு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அவள் மடியில் சால்வைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருந்தது. வாய் உருக்கி அடைத்த குழாய். உள்ளே மாதுளை முத்து நிறத்தில் பளபளவென்று சில துணுக்குகள். காற்றுப் பட்டால் செத்துவிடும் என்றாள். அதைத் தெற்கேயிருந்து வருகிற ஒருவரிடம் கொடுத்து, உள்ளே எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதை நம்பித்தான் அவளுடைய பட்டமே.

நான் தலையை ஆட்டினேன். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் விஞ்ஞானம் படித்தவன்தான் நானும். காற்றுப் பட்டால் சாகிற சாமான், மூடினால் வெடிக்கிற கேன். இதெல்லாம் நல்லதுக்கா என்றுதான் மனம் கேட்டது. அந்தக் கேனில் இருப்பது என்ன என்று மட்டும் கேட்டேன். நைதரசன், காற்றில் பெரும்பங்கு அதுதான், குளிரவைத்துத் தண்ணியாக்கிக் கொண்டுபோகிறோம் என்றாள். காற்றில் இருப்பதை எதற்குக் கேனில் கட்டிக்கொண்டு போக வேண்டும்? பொய் சொல்லும்போது கொஞ்சம் பொருந்துகிற மாதிரிச் சொல்லக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

கொத்மலை நீர்த்தேக்கம் தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். நான் இறங்கி அவர்கள் பின்னாலேயே போனேன். அத்தனை பேர் குடிக்கிற, வயலுக்குப் போகிற தண்ணீர். இவர்கள் ஏதாவது கலக்க வந்தவர்களாக இருந்தால்? மூன்று பேரும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டு ஏறினார்கள். எனக்கும் ஒரு டீ வாங்கித் தந்தார்கள். அவர்கள் குடித்த பிறகுதான் நான் குடித்தேன்.

இறம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் மழை வலுத்தது, பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. பின்னால் எல்லா ஜன்னல் கண்ணாடிகளையும் மூடிவிட்டார்கள். என் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னார் அந்த அம்மா. பாவம், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மக்கர், ஏறாது மேடம் என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். கேனிலிருந்து ஏதாவது நெடி வருகிறதா என்று நான் மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்தேன். வந்தால் தலையை வெளியே நீட்டவாவது ஒரு வழி வேண்டும் இல்லையா. மழை என் தோளை நனைத்தது, சட்டை ஊறிப்போயிற்று. நெடி மட்டும் வரவே இல்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

ஒரு வளைவில் எதிரே பஸ் ஒன்று என் பக்கத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு இறங்கியது. பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். பஸ் உரசாமல் போய்விட்டது. பின்னால் தடாரென்று சத்தம். கயிறு நழுவிக் கேன் சாய்ந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் சுடுசட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரிச் சீறிக்கொண்டு வெள்ளைப் புகை எழும்பி, பின்பக்கம் முழுவதும் அடைத்தது.

நான் அலறிவிட்டேன். அவர்களோ பயப்படவே இல்லை, அதுதான் ஆச்சரியம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, வெறும் நைதரசன், ஒன்றும் செய்யாது, ஓட்டுங்கள் என்றார். பெண் தன் குழாய் உடையவில்லை என்று தடவிப் பார்த்தாள். வயதானவர் கேனை நிமிர்த்தக் குனிந்தார். புகைக்குள் அவர் தலை மறைந்தது.

அவர் நிமிரவில்லை.

பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. பெண்ணின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. விஷம்தான், நினைத்த மாதிரியே விஷம்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ரோட்டில் குதித்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஓடிவிடத்தான் முதலில் தோன்றியது. நாலு எட்டு போயும் விட்டேன். அப்போது அந்தப் பிள்ளையின் தகப்பன் ஏதோ ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது. திரும்பி வந்து பக்கக் கதவை இழுத்தேன், பின்கதவையும் தூக்கிவிட்டேன். வெள்ளைப் புகை ரோட்டில் விழுந்து, ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி ஓடியது. அப்போதும் ஒரு வாசனையும் இல்லை.

அந்த அம்மாவைத் தோளோடு பிடித்து இறக்கினேன். மழை முகத்தில் பட்டதும் பெண் விழித்துக்கொண்டாள். விழித்தவள் உடனே பின்சீட்டைப் பார்த்தாள். வயதானவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் வெளியே எடுக்க முடியும். கையில் இருந்த குழாயை ஒரு கணம் பார்த்தாள், அப்படியே விட்டுவிட்டாள். அது வேன் படியில் பட்டு உடைந்தது. நாங்கள் இரண்டு பேருமாக அவரை இழுத்து வந்து ரோட்டில் கிடத்தினோம். உதடெல்லாம் நீலம். நல்லவேளையாக நெஞ்சு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவள் அவர் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இழுத்து ஒரு மூச்சு விட்டார். பிறகு இருமினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

படியில் சிதறிக் கிடந்த சிவப்புத் துணுக்குகள் எங்கள் கண்ணெதிரே மண் நிறமாகிக்கொண்டிருந்தன. அவள் அதை ஒரு தடவைதான் பார்த்தாள்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்து, ஒட்சிசன் வைத்து, பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பேச்சே வந்தது. விஷம் எதுவும் இல்லையாம். அந்தத் தண்ணி ஆவியாகும்போது பல நூறு மடங்கு பெருகி, மூடிய வேனுக்குள் இருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டது. அவர் குனிந்த இடத்தில் ஒட்சிசனே இல்லை. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, ஆள் அப்படியே விழுந்துவிடுவார் என்றார் டாக்டர். எனக்கு இதில் ஒன்றுதான் விளங்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள், இது தெரியாதா? அந்தப் பெண்ணிடம் கேட்டேவிட்டேன்.

“தெரியும் அண்ணே. படிச்சுக் குடுக்கிறதே நாங்கதான். ஆனா எங்க வேலையில காத்துதான் எதிரி. காத்து உள்ள வராம நைதரசன்தான் காவல் நிக்கும். அதோடயே இருந்து இருந்து, நாங்களும் மூச்சு விடுறவங்கங்கிறது மறந்துபோச்சு.”

அது லொறி ஒன்றின் திறந்த தட்டில் வர வேண்டிய கேனாம். லொறி வராததால், நைதரசன்தானே என்று வேனில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த அம்மா ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்கள் கண்ணாடி பழுதாக இருந்தது கடவுள் செயல், அதனால்தான் உங்களுக்கு மயக்கம் வரவில்லை என்றார் சிங்களத்தில். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என்னவோ, அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கண்ணாடியில் ஒரு பழுதும் இல்லை, உங்களை நம்பாமல்தான் திறந்து வைத்திருந்தேன், கொத்மலையில்கூட உங்களைத்தான் வேவு பார்த்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“நீங்கள் எங்களை நம்பியிருந்தால் நாலு பேரும் செத்திருப்போம்” என்றார் அந்த அம்மா.

ஆனாலும் என் புத்தி அடங்கவில்லை. பெண்ணையும் அந்த அம்மாவையும் பங்களாவில் இறக்கியபோது உள்ளே ஆட்கள் நிறையக் கூடியிருந்தார்கள். நான் பின்னால், சமையல் நடக்கிற குசினிப் பக்கம் ஒதுங்கினேன். இப்போது பாரு, உள்ளே போய் டிரைவர் போட்ட பிரேக்கால்தான் கேன் விழுந்தது என்று சொல்லப்போகிறார்கள், பொலிஸில் ஒரு முறைப்பாடு போதும், என் லைசன்ஸ் போய்விடும். படித்தவர்கள் பிழையைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்வதை நான் எங்கே கண்டேன். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் வந்து, உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றாள். போனேன். நனைந்த சட்டையோடு நிற்கிற என்னை வைத்துக்கொண்டே அந்த அம்மா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மூடிய வண்டியில் கொண்டுவந்தது தன் பிழை என்றார். கதவைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்ததும் தன் பிழை என்றார். நான் எதனால் அவர்களைச் சந்தேகப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. மூன்று பாஷைக்காரர்களும் அந்த ஹோலில் இருந்தார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தெற்கேயிருந்து வந்தவர், அந்தச் சிவப்புச் சாமானுக்காகக் காத்திருந்தவர், எழுந்து, அதைத் திரும்பச் செய்யத் தேவையான உலோகம் தன்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார் அவளிடம். இன்னொருவர் தன் ஆய்வுகூடத்தில் வந்து செய்யலாம் என்றார். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொல்ல, அதுவரை அழாமல் இருந்த பெண் அப்போதுதான் அழுதாள்.

இதையெல்லாம் நினைக்கும்போது பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நான் சந்தேகப்பட்டது ஒன்றுகூடச் சரியில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கேனில் விஷம் இல்லை, தண்ணீரில் எதையும் கலக்க வரவில்லை. ஆபத்து நான் தேடிய இடத்தில் இல்லவே இல்லை. அவர்கள் எதை ரொம்ப நம்பினார்களோ அதிலிருந்துதான் வந்தது. எனக்கும் அப்படி ஒன்று உண்டு. இந்த மலை ரோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று வேன் ஸ்டாண்டில் பீற்றிக்கொள்கிறவன் நான். இப்போதும் முன்பின் தெரியாத ஆள் ஏறினால் பார்வை கூர்மையாகத்தான் போகிறது, அது பிறவிக் குணம். ஆனால், எனக்கு மிக நன்றாகத் தெரிந்த வளைவு வரும்போதுதான் இப்போதெல்லாம் கால் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது.