விராலை எடுத்தோம், ஜிலேபியை விட்டோம்

குஞ்சை விழுங்கும் மீன் மோசமா, குஞ்சின் இரையைத் தின்று தீர்க்கும் மீன் மோசமா? மீன் வளர்ப்புக் களப்பணியாளரான எனக்கே இதற்கு இன்னும் பதில் தெரியவில்லை.

மகளைத் திருப்பாதிரிப்புலியூர் பால்வாடியில் விட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறுகிறேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. மகளிர் குழுக்கள் குத்தகைக்கு எடுத்த குட்டைகளில் கெண்டை வளர்க்க உதவ வேண்டும்.

கலைச்செல்வி அக்கா குழுவின் குட்டையில் குஞ்சு விடுவதற்கு முன் வலை இழுத்தோம். எங்கள் நிறுவன மேலாளர் கரையில் நின்று சொன்னார்: “விராலு ஒண்ணுகூட இருக்கக்கூடாது. குஞ்செல்லாம் முழுங்கிடும்.”

வலை நிறைய ஜிலேபிக் கெண்டையும் துள்ளியது; பெயரில்தான் கெண்டை, நாங்கள் வளர்க்கும் ரகமல்ல. “சார், ஜிலேபி ஜாஸ்தியா இருக்கு. குட்டைய வத்த வச்சு அதயும் எடுத்துடலாமா?” என்றேன்.

“அது என்ன, கடிக்கவா போவுது? வுடும்மா.”

பிடித்த விரால்கள் அவர் கார் டிக்கியில் ஏறின. “குட்டைக்கு ஆவாத மீனு, சாரு ஊட்டுக் கொழம்புக்கு மட்டும் ஆவுது பாரு” என்று அக்கா என் காதோரம் சொன்னார்.

ஜிலேபிக் குஞ்சைத் தின்ன விரால் இல்லை. அது பெருகிக்கொண்டே போனது. பெண்கள் தவிடும் புண்ணாக்கும் போட்டால் ஜிலேபிதான் முதலில் மொய்க்கும். நானே எத்தனையோ காலைகளில் பார்த்தேன். அறுவடையில் கெண்டை உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை.

“நீங்க தீனி ஒழுங்கா போடல” என்றார் மேலாளர்.

“போட்டோம் சார். கெண்ட வாய்க்குப் போவல” என்றார் அக்கா.

“சார், நான் அன்னிக்கே ஜிலேபிய...” என்று ஆரம்பித்தேன்.

“புள்ளயப் பாத்தது போவ மிச்ச நேரத்துலதான நீ குட்டையப் பாக்குற? சும்மா இரும்மா.”

இத்தனை பெண்கள் முன்னால் அப்படிச் சொன்னார். என் பிள்ளைக்கும் ஜிலேபிக்கும் என்ன சம்பந்தம்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கொதித்தது. கூடவே, அன்று கரையில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமோ என்ற சந்தேகமும்.

விராலை எடுத்தது தப்பில்லை. ஜிலேபியை விட்டதுதான் தப்பு. கடிக்காத மீனும் பட்டினி போட்டுக் கொல்லும் என்பதை அந்தக் குட்டையில் கற்றேன்.

திங்கட்கிழமை கடலூர் அலுவலகத்தில் கூட்டம். தீனி போடாத குழு என்று சொல்லி அக்கா குழுவைத் திட்டத்திலிருந்து நீக்கப் போகிறார்கள். அவர்கள் போட்டதைப் பார்த்த ஆள் அங்கே நான் மட்டும்தான். இந்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவரும் அதே மேலாளர்தான். வாய் திறக்காமல் வர எனக்கு மனமில்லை. அவரைத் தாண்டி மேலே பேசி, வேலையையும் காப்பாற்றிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், பேச்சை எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று திங்கட்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.