கடல்நாய்களின் பாறையும் என் புகைப்படமும்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

இதனை வாசிக்கத் தாங்கள் ஒதுக்கும் நேரத்திற்கு என் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பின்னர் கையில் கிடைத்த அச்சுத்தாள் எதையும் விடாமல் படித்துத் தமிழை ஈட்டிக்கொண்டவன். நடையில் குறையிருப்பின் பொறுத்தருள்க. செய்தியில் குறை இராது. ஒரு மனிதர் எனக்குச் செய்ததை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை. மன்னித்தவனைப் போல எழுதினால் அது பொய்யாகும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சிறிய தொழிற்சாலை. பெரும்பாலும் காருக்கான பாகங்கள். எங்கள் கூடத்தில் மட்டும், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி உருவாயிற்று. குளிர்ந்த கடல்களில் வாழும் கடல்நாய்களைப் பிடித்து, பிடரி மயிரில் இதனைப் பசையால் ஒட்டிவிடுவார்கள். விலங்கு தலையை நீருக்கு மேலே நீட்டும்போதெல்லாம், தான் இருக்கும் இடத்தைக் கருவி செயற்கைக்கோளுக்குத் தெரிவிக்கும். அவ்விடங்களைச் சேர்த்து, கடல்நாய்கள் கடலில் எங்கெங்கே பொழுதைக் கழிக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் வரைபடம் போடுவார்கள். கருவியின் விலாவில் இரண்டு உலோகப் பொட்டுகள் உண்டு. முந்தைய செய்திக்குப் பின் அவை நீரில் நனைந்தனவா, காய்ந்தே இருந்தனவா என்பதும் அச்செய்தியோடு போகும். உள்ளிருக்கும் மின்பலகையைச் சுற்றி ரெசின் என்னும் பிசினை ஊற்றி, ஒரு குமிழிகூட இல்லாமல் இறுகச் செய்வது என் வேலை. பொட்டுகளின்மேல் ஒரு துளி வழிந்தாலும் கருவி குருடாகிவிடும். என் கையில் அப்படி வழிந்ததில்லை.

ஒரு நாள், கருவிகளை வாங்கி விற்கும் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. மூன்று கருவிகள் பல மணி நேரம், சிலபோது நாள் முழுதுமே, காய்ந்திருப்பதாகச் செய்தி அனுப்புகின்றனவாம். எங்கள் சூப்பர்வைசர் அதை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"கடல்ல கெடக்குற ஜந்து நாள் பூரா காய்ஞ்சு கெடக்குமா? பொட்டு மேல ரெசின் வழிஞ்சிருக்கு, அதான் தண்ணி தெரியல. ஊத்துனது யாரு?"

"நான் தான் சார். ஆனா தொட்டியில போட்டுப் பாத்து கையெழுத்து போட்டது நீங்க தானே சார்?"

"என்னையே கேள்வி கேக்குறியா? வயசாயிடுச்சு, கண்ணு தெரியல. ஒத்துக்கோ."

அதுவரை என்னைப் 'பெரியவரே' என்று அழைத்தவர் அவர்.

மறுநாள், தரம் பற்றிய அறிவிப்புகளை ஒட்டும் பலகையில் என் புகைப்படம் இருந்தது. அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கி, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, கீழே 'கவனக்குறைவு: இவரைப் போல் ஆகாதீர்' என்று அச்சிட்டிருந்தார்கள். குண்டூசியைக் குத்தியவர் அவரே. என்னை பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் அந்த மேசை, பலகைக்கு நேர் எதிரே இருந்தது. புதிதாகச் சேரும் பெண்பிள்ளைகளை வாரந்தோறும் அழைத்து வந்து பலகையைக் காட்டுவார்கள். அவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒருத்தி, "இவரா அது? பாவம்டீ," என்றாள். அந்தப் 'பாவம்' என்னும் சொல்லை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

அன்று மனத்தில் உறுதி எடுத்தேன். குத்திய கையே அந்தக் குண்டூசிகளைப் பிடுங்க வேண்டும். முதல் ஷிப்டு ஆட்கள் அனைவரும் நின்று பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வரைபடத்தை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு விலங்கும் ஒரு புள்ளி; அதைத் தொட்டால் நனைந்ததா, காய்ந்ததா என்றும் காட்டும். கருவியின் எண்ணே அதன் பெயர். குற்றம் சாட்டப்பட்ட மூன்று எண்களும் எனக்கு மனப்பாடம். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்புறத்தில், கைப்பேசியைப் பார்த்து அந்தக் கடற்கரையை வரைந்தேன். நாள்தோறும் காலையில் மூன்று புள்ளிகளையும் குறித்தேன். நனைந்திருந்தால் நீலம், காய்ந்திருந்தால் சிவப்பு.

என் மனைவிக்கு இது பெரும் வேடிக்கை. "இன்னாய்யா, பொழுது விடிஞ்சா அதும் மூஞ்சில தான் முழிக்கிற. சின்ன வூடு எதுனா வெச்சுகினு கீறியா அந்தக் கடல்ல?"

"மூணு கீது," என்றேன்.

"மூணா! இந்த மூஞ்சிக்கு!"

இரண்டு மாதத்தில் தாள் நிறைந்தது. நீலப் புள்ளிகள் கடலெங்கும் இறைந்து கிடந்தன. சிவப்புப் புள்ளிகளோ, கரையை ஒட்டிய ஒரே ஒரு பாறைத்திட்டின்மேல் ஈ மொய்த்தாற்போல் குவிந்திருந்தன. கருவி பழுதாயின் சிவப்பு எங்கும் அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. மனைவியிடம் காட்டினேன். அவள் பிள்ளைப்பாக்கம் ஏரியில் எருமை மேய்த்த வீட்டுப் பெண்.

"இதுல இன்னா கீது? எருமை நாள் பூரா ஏரியில தான் கெடக்கும். அதுக்காவ ஏரியிலயே படுத்துத் தூங்குமா? கரைக்கு வந்து தானே படுக்கும். உன் நாயும் கரையேறிப் படுக்குது."

அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த இணையப் பக்கத்தின் விளக்கத்தை மூன்று நாள் படித்தேன். அவள் சொன்னதே அங்கும் இருந்தது. கடல்நாய் மீனன்று, மூச்சுவிடும் விலங்கு. இரை தேடக் கடலுக்குப் போகும். இளைப்பாறப் பாறைக்கு வரும். வெயிலில் மணிக்கணக்காகக் கிடந்து காயும். என் கருவிகள் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

நான் உடனே அவரிடம் போகவில்லை. தனியறையில் அவர் 'சாரி' சொல்லி முடித்துவிடுவார். எனக்கு அது வேண்டாம். மாதக் கூட்டத்திற்குக் காத்திருந்தேன். கேன்டீனில் தொழிற்சாலைத் தலைமை மேலாளர் முன்னிலையில் எவரும் எழுந்து பேசலாம் என்பது எங்கள் வழக்கம். நான் எழுந்தேன்.

"சூப்பர்வைசர் சார்கிட்ட ஒரே ஒரு சந்தேகம். கடல்நாய் எங்க சார் தூங்கும்?"

அவர் சிரித்தார். "தண்ணிக்குள்ள தான் பெரியவரே. பின்ன என்ன, கட்டில் போட்டா தூங்கும்?"

கேன்டீனே சிரித்தது. நான் தடுக்கவில்லை, நன்றாகச் சிரிக்கட்டும் என்று விட்டேன். பிறகு காலண்டர் தாளை மேலாளரின் மேசையில் விரித்து, சிவப்புக் குவியலின்மேல் விரலை வைத்தேன்.

"இது பாறை சார். இங்க தான் தூங்குது. தூங்குறப்ப காய்ஞ்சு தானே சார் இருக்கும்?"

மேலாளர் நெடுநேரம் பார்த்தார். கைப்பேசியில் தாமே தேடிப் படித்தார். அந்த வெளிநாட்டுக் கடிதத்தை எடுத்துவரச் செய்து, அதையும் படித்தார். "சோதனை செய்து அனுப்பினீர்களா என்று கேட்டிருக்காங்க. இது கேள்விதானே? நீங்க என்ன பதில் போட்டீங்க?" என்றார் சூப்பர்வைசரிடம். ஊழியர் தவறு, ஊழியர் அந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று போட்டிருந்ததை அவர் தம் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்தவர்கள் இப்போது தத்தம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குத்தியவரே முதல் ஷிப்டின் முன் பிடுங்க வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன், அவரும் ஒப்பினார். மறுநாள் முதல் ஷிப்டு வரிசையில் நின்றது. சூப்பர்வைசர் ஸ்டூல்மேல் ஏறிக் குண்டூசிகளைப் பிடுங்கினார். நான்காவது எளிதில் வரவில்லை, இழுத்ததில் காகிதம் என் நெற்றிக்குக் குறுக்கே கிழிந்தது. எனக்கு வருத்தமில்லை. அவருடைய காதுமடல்கள் சிவந்ததை நான் பார்த்தேன். அதற்கு விலையாக அந்த நெற்றி தகும்.

இறங்கி வந்து மெல்லச் சொன்னார்: "மனசுல வெச்சுக்காதீங்க பெரியவரே."

"வெச்சுகினு தான் சார் இருப்பேன். எடுத்து வெளிய வெக்க எடம் இல்ல."

பழைய வேலையைத் திரும்பத் தருவதாக மேலாளர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பேக்கிங் மேசையிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். அந்த மேசைக்கு எதிரே, வெறும் பலகையில் நான்கு துளைகள் உள்ளன. காலைதோறும் சூப்பர்வைசர் அவ்வழியாகத்தான் வருவார். வரும்போது நான் டேப்பைக் கையில் வைத்தபடி அத்துளைகளைப் பார்ப்பேன். பிறகு அவரைப் பார்ப்பேன். வணக்கம் சொல்வேன். மரியாதையில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. இப்போதெல்லாம் அவர் ஸ்டோர்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

"உனக்கு இன்னா பைத்தியமா? புடிச்ச வேலைய வுட்டுட்டு டேப் ஒட்டினு கீற," என்கிறாள் மனைவி. அவள் சொல்வதில் உண்மை உண்டு. ரெசின் தெளிந்து கண்ணாடியாக இறுகும் அந்த நிமிடத்தை என் விரல்கள் இன்னும் தேடுகின்றன. இருந்தும் மாறப்போவதில்லை.

கடல்நாய்கள் ஆண்டுக்கொருமுறை மயிர் உதிர்க்கும்; அப்போது கருவியும் கழன்றுவிடும். என் மூன்று புள்ளிகளும் ஒவ்வொன்றாக நின்றன. இணையப் பக்கத்தில் இப்போது வேறு எண்கள் உள்ளன. நடந்ததற்குச் சாட்சி அந்தக் காலண்டர் தாளும், நான் கேட்டு வாங்கிக்கொண்ட கிழிந்த படமும், இவ்வெழுத்தும் மட்டுமே. அவர் பெயரை நான் எழுதவில்லை. வாசிக்க நேர்ந்தால் அவருக்குத் தெரியும்.

ஆகவே, ஒரே உறையில் தங்களுக்கு அனுப்பும் இம்மூன்றையும் ஒன்றாக, ஈரம் படாத ஓரிடத்தில் வைத்திருக்கும்படித் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.