மடித்துக் கட்டிய பின்னல்

நேற்றுவரை என் கைப்பையில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. வளைந்து, கறுப்புப் பூச்சு உரிந்த ஊசி. துபாய் சத்வாவில் ஒரு தையல் கடையில் என்னோடு வேலை செய்த அக்காவுடையது. அஜ்மானில் இருவரும் ஒரே ரூம். நான் இலங்கை மலைநாட்டுக்காரி. அவர் வன்னி, தனிநாடு கேட்டு நடந்த சண்டையில் துவக்குத் தூக்கியவர். பெரிய பொறுப்பெல்லாம் கிடையாது, காவலரணில் முறை வைத்து விழித்திருந்த எத்தனையோ பேரில் ஒருவர்.

சண்டையைப் பற்றி ஆசையாகக் கேட்டால் சிரிப்பார். "வீரக்கதை கேக்காதை பிள்ளை. பேன், பசி, ஈரச் சப்பாத்து. அதுதான் சண்டை." காயம்பட்ட வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. அதனால் தினமும் டியூட்டிக்குப் புறப்படுமுன் அவர் தலையைப் பின்னுவது என் வேலை. இரட்டைப் பின்னல், இரண்டையும் மடித்துப் பிடரியில் இறுக்கிக் குத்த வேண்டும். இயக்கத்தில் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி அப்படித்தான் கட்டிவிடுவார்களாம். "எனக்குக் கட்டிவிட்டவளை நான்தான் தாட்டனான்" என்று ஒருநாள் சொன்னார். அவளைப் புதைத்த அன்றைக்கு அழக்கூட நேரம் இருக்கவில்லையாம். பிறகு நான் கதை கேட்கவில்லை, பின்னிவிட்டேன்.

கால்சட்டையை வெட்டித் தைக்கக் கொடுக்க வந்த நம் நாட்டு ஆள் ஒருவன் அந்தப் பின்னலைப் பார்த்துவிட்டு அது இயக்கக்காரிகளின் கட்டு என்று முதலாளியின் காதில் ஓதினான். முதலாளி தமிழ்நாட்டுக்காரர். கெட்டவரில்லை, சரியான பயந்தாங்கொள்ளி. "விசா குடுத்த கபீல் காதுக்குப் போனா கடையே கலாஸ்மா. தலைய அவுத்து விடு, இல்லன்னா கத்தரிச்சுக்க. ரெண்டும் முடியாதுன்னா ஊருக்குக் கிளம்பு" என்றார். அக்கா மிஷினை நிறுத்தவில்லை. பிடித்த தையலை முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நான் களவெடுத்தனானோ ஒளிக்கிறதுக்கு? தோத்தனாங்கள், அது வேற. வெக்கப்பட ஒண்டுமில்லை."

விசாவை ரத்துச் செய்தார்கள். புறப்படும் காலையில் கெஞ்சினேன்: "அக்கா, இன்னைக்காவது அவுத்து விடுங்களேன். கொழும்புல புடிச்சு வச்சிக்கிட்டா என்னா செய்வீங்க?" அவர் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "இறுக்கிக் கட்டு பிள்ளை." இறுக்கிக் குத்தியதில் ஒரு ஊசி வளைந்துபோனது. அதுதான் இது. மறுநாள் போனில் அவர் குரல் வந்தது: "கொழும்பில இருத்தி வைச்சு விசாரிச்சவங்கள். ஓம், நான்தான் எண்டன். விட்டிட்டாங்கள். பின்னல் அவிழேல்லை."

அந்தச் சண்டை சரியா பிழையா என்று ரூமுக்கு ரூம் கத்துகிறார்கள், கத்தட்டும். ஈரச் சப்பாத்தோடு நின்ற ஒருத்தியை எனக்குத் தெரியும். நேற்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, வேலை கேட்டு வரும் பெண்களிடம் முதலில் ஊரை விசாரிக்கச் சொன்னார். வன்னி என்றால் மாஃபி, வேலை இல்லை.

இன்று காலை என் தலையை இரண்டாகப் பின்னி, மடித்து, அந்த வளைந்த ஊசியால் குத்திக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்குள் நுழைந்ததும் முதலாளி என் தலையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

பார்க்கட்டும்.