கொழுந்தனுக்குச் செய்த செலவு

மாத்திரை தீர்ந்துபோன ஒரு காலையில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. தில்லிக் குளிருக்கு வந்த ஜலதோஷம் என்று நினைத்தேன். மதியம் புது அட்டை வாங்கி ஒன்றைப் போட்டதும் எல்லாம் நின்றுவிட்டது. ஜலதோஷம் அப்படி நிற்காது என்பது எனக்குத் தெரியும்.

முதுகுத்தண்டில் தட்டு விலகியபோது (எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துவது) டாக்டர் எழுதிக்கொடுத்த ஓபியாய்டு மாத்திரை (அபினைப் போல மூளையில் வேலை செய்யும் வலிமருந்து) அது. அவர் சொன்ன காலம் முடிந்தும் நான் நிறுத்தவில்லை. முதலில் வலிக்காகப் போட்டேன். பிறகு மாமியார் பேசிய பேச்சுக்காக. பிறகு காரணமே தேவைப்படவில்லை.

மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் அதற்கு முன்பே ஒரு சிகிச்சை நடந்திருந்தது. கணவரின் தம்பி முரளிக்குக் குடிப்பழக்கம். திருச்சியில் இருந்த குடும்ப மனையை விற்று, அவனைத் தனியார் மையம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கவைத்தார்கள். திரும்பி வந்தவனுக்கு மாமியார் வாசலில் ஆரத்தி எடுத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் பிள்ளை மீண்ட கதையைச் சொல்லிப் பூரித்தார். அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பைக் கிளறியபடி நான் உள்ளே எரிந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு மாத்திரை கூடுதல்.

ஒரே வீட்டில் இரண்டாவது நோயாளியாக இருப்பவர்களுக்கு இது புரியும்.

என் விஷயத்தை நானேதான் சொன்னேன். கணவர் கோபப்படவில்லை. கணக்குப் பார்த்தார்.

“அவனுக்கு வேலை போயிடுமேன்னு செலவு பண்ணினோம். உனக்கு என்ன போகப்போகுது? வாங்காம இரு, தானா நின்னுடும்.”

கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்கு அவரையும் அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் டாக்டர் ஹிந்தியில் பொறுமையாக விளக்கினார். திடீரென்று நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் (பழகிய மருந்து கிடைக்காமல் உடல் படும் பாடு) வரும். மாற்று மருந்து கொடுத்து மெதுவாகக் குறைக்கலாம். ஆரம்ப நாட்களில் ஒருவர் கூடவே இருந்து மருந்தைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, இவர் குணமானால் வீட்டுக்கு என்ன நன்மை என்று என் கணவரைக் கேட்டார். அவர் யோசித்து, சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும் என்றார். “அச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

கூட இருக்க முன்வந்தது முரளி. ஆபீஸுக்கு லீவு போட்டான்.

“அந்த மையத்துல எனக்கு எப்பவும் பக்கத்துல ஆள் இருந்தாங்க அண்ணி. உங்களுக்கு இங்க யாரு இருக்கா?”

“உனக்கு மனைய வித்தாங்க” என்றேன்.

“தெரியும். அதுல அண்ணன் பங்கும், உங்க பங்கும் இருந்துச்சு” என்றான்.

மாற்று மருந்து பிடிக்கும்வரை வாந்தியும் வயிற்றுப்போக்கும். உடம்பு முழுக்க மயிர்க்கூச்சம். அவன் பதறவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தான். பழைய மாத்திரையைக் கேட்டுக் கெஞ்சினேன். திட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேளுங்கள் என்பான். மறுபடி கேட்டால் மறுபடி அதையே சொல்வான். எல்லாம் அந்த மையத்தில் கற்றது. அவனுக்காகக் கொட்டிய பணத்தில் கொஞ்சம் இப்படி என் தொண்டையில் இறங்கியது.

கதவருகே நின்ற மாமியார், “எவ்வளவு பொறுப்பா மாறிட்டான் பாரு” என்றார். என் நோயிலும் அவனுக்குத்தான் பாராட்டு. எனக்கு நன்றி இருந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமை இருந்தது.

மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி வெகுநாளாகிறது. முதுகுவலி முழுவதும் போகாது என்கிறார் டாக்டர். முன்பு ஒரு மாத்திரையிலிருந்து அடுத்த மாத்திரைவரைதான் என் பொழுது. இப்போது மதியங்கள் நீளமாகக் கிடக்கின்றன. அவற்றில் இருக்கப் பழகுகிறேன்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் உறவினர் ஒருவர் முரளியின் தோளைத் தட்டி, பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டாய் என்றார். பக்கத்தில் நின்ற என்னிடம், சாப்பிட்டாயா என்று கேட்டார். சுருக்கென்றது. முதுகில் இல்லை, நெஞ்சுக்குழியில். எது எங்கே என்று பிரித்தறிய முடிந்தது. மாத்திரை போட்ட அந்த வருஷங்களில் எல்லாமே ஒரே வலியாகத்தான் இருந்தது.

அது தணியும்வரை அங்கேயே நின்றேன். பிறகு பந்திக்குப் போனேன்.