இரண்டாவது மண்வெட்டி

கிரிசல் சூனியக்காரி இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். எங்கள் ஸ்காட்லாந்துக் கரையில் ஒரு விதவையைக் கொல்ல அது போதும்.

இங்கே ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு துண்டு நிலத்தை உழாமல் விட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் பெரியவர் காணி. சாத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு நாக்கு எழாது, பெரியவர் என்றுதான் சொல்வோம். அவருக்கென்று நிலம் விட்டால் மாடுகளைத் தொடமாட்டாராம். வேதக்கோயிலில் முன்வரிசையில் உட்காரும் பண்ணைக்காரன் ராங்கினும் விட்டிருந்தான், அதுவும் கறுத்த, கொழுத்த மண்ணை!

பஞ்சம் வந்த வருஷம் கிரிசலும் அவள் மகள் ஆனஸும் அந்தக் காணியைக் கொத்திக் கோஸ் நட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி நான், பதறிப்போய்க் கத்தினேன்.

"அடியே, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? பெரியவர் எடம்டி அது!"

"அவரு கோஸ் திங்க மாட்டாருக்கா. என் புள்ள திம்பா."

கோஸ் இலை விரிவதற்குள் ராங்கினின் பசுக்கள் வயிறு ஊதிச் செத்தன. ஆட்களோடு ஓடிவந்தான். ஆனஸ் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மண்ணில் இரண்டு மண்வெட்டிகள் குத்தி நின்றன, பக்கத்தில் கிரிசல் மட்டும்.

"பெரியவரு நெலத்துல கைய வச்சும் உனக்கு ஒண்ணும் ஆவலியே! ஏன்னா, அவருதான்டி உன் புருஷன்!" என்று கத்தி, அவளைக் கீழே தள்ளி, பூட்ஸ் காலால் வாயில் மிதித்தான். பல் உதிர்ந்தது. தலைமயிரைப் பிடித்து ஊர் நடுவே இழுத்துப் போனார்கள்.

கோயில் கோபுரத்தில் அடைத்தார்கள். ஓட்ஸ் கஞ்சி கொண்டுபோனது நான்தான், அதனால் எல்லாவற்றையும் இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். வாய்க்குள் இரும்பு நாக்கு வைத்த கடிவாளத்தை மாட்டினார்கள், கேள்வி கேட்கும்போது மட்டும் கழற்றினார்கள். தூங்கவிடாமல் குத்திக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஊரிலிருந்து ஊசிக்காரன் வந்தான். ரத்தம் வராத இடம் பெரியவர் தொட்ட இடம் என்று கண்டுபிடிக்கிற தொழில் அவனுக்கு. அவளை அம்மணமாக்கி, விரல் நீள ஊசியைத் தோளில், தொடையில், மார்பில் இறக்கினான். ஓரிடத்தில் ரத்தம் வரவில்லை. அடித்தே செத்துப்போன சதையில் எப்படி வரும், நாசமாய்ப் போறவனே!

"நான் சூனியக்காரி இல்ல" என்பதைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லை.

அப்போது ராங்கின் அந்த இரண்டாவது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஒருத்திக்கு எதுக்குடி ரெண்டு? இது உன் மகளுதுதானே?"

"அந்தப் பொண்ணையும் கூட்டியாங்க" என்றார் போதகர். ஊசிக்காரன் ஊசியைத் துடைத்தான். ஆனஸ் என் வீட்டில்தான் இருந்தாள்.

கிரிசல் ரத்த வாயோடு சிரித்தாள்.

"என் மகளா? அந்தச் சோம்பேறிக் கழுத மண்வெட்டியத் தொடுவாளா? அது பெரியவரோடது. என் பக்கத்துல நின்னு கொத்துனாரு. உன்னவிட நல்லாவே கொத்துனாரு, ராங்கின்."

ராங்கின் அதைத் தொப்பென்று போட்டுவிட்டுக் கையைக் கோட்டில் தேய்த்தான். ஆனஸைக் கூட்டிவர யாரும் போகவில்லை. அவர்களுக்கு வேண்டிய வாக்குமூலம் கிடைத்துவிட்டது.

கடற்கரையில் கம்பத்தில் கட்டிக் கழுத்தைக் கயிற்றால் நெரித்தார்கள். கயிறு வழுக்கியது. கயிறு பிடித்தவன் முழங்காலை அவள் மார்பில் ஊன்றி மறுபடி இறுக்கினான். பிறகு தார்ப் பீப்பாயைக் கொளுத்தினார்கள். ஆனஸ் என் பக்கத்தில் நின்றாள். அவள் கையை நகம் பதிய அழுத்திப் பிடித்திருந்தேன்.

"அழாதடி. அழுதா உன் அம்மா செத்தது வீணாப் போயிடும்."

அவள் அழவில்லை.

மண்வெட்டியைக் குறடால் பிடித்துக் கொண்டுபோய், அதே காணியில் நட்டு வைத்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதன்மேல் துப்பிவிட்டுத்தான் போகவேண்டும். அதன் பிடியைத் தேய்த்து வழவழப்பாக்கியது ஆனஸின் உள்ளங்கைதான். போன ஞாயிற்றுக்கிழமையும் எல்லோர் கண்ணெதிரே அவள் துப்பினாள்.

"நல்ல பொண்ணு" என்றான் ராங்கின்.