கார்மெலாவின் இடது கை

மரகதத்துக்கு யாரையும் எளிதில் பிடிக்காது. கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்து, 1994-ல் நியூஜெர்சியில் பக்கவாதம், எலும்பு முறிவு வந்தவர்களைத் தேற்றி அனுப்பும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள். சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் அவளிடம், சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். அவள் சம்மதமாகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு, புதிதாக வந்த இந்தியப் பெண் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார். ஒரு தலையாட்டலைப் புரிந்துகொள்ளத் துப்பில்லாதவர்கள் மனித உடம்புக்கு வைத்தியம் பார்க்கிறார்களாக்கும் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். அடுத்து வந்த இரண்டு வருஷத்தில் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அங்கே வரும் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் இத்தாலியர்கள். அவர்கள்மேல் அவளுக்குத் தனி இளக்காரம். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடப்பவர்கூடக் கையை வீசி வீசித்தான் தண்ணீர் கேட்பார்.

"கையைக் கட்டிப் போட்டா இவங்களுக்குப் பேச்சே வராதுங்க" என்று ஐசலின் ஊரிலிருந்த தங்கள் அபார்ட்மென்டில் தன் கணவன் வேலுமணியிடம் சொல்வாள்.

வேலுமணி ஒரு கம்பெனியில் புரோகிராமர். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் நண்பர்கள் கூடினால், ஐந்து விரல்களையும் குவித்து மூக்குக்கு நேரே ஆட்டி, இத்தாலியர் மாதிரி நடித்துக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் குவிப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது, சிரித்தவர்களுக்கும் தெரியாது.

1996 மார்ச்சில் கார்மெலா வந்து சேர்ந்தாள். எழுபத்தெட்டு வயது. இத்தாலியின் தெற்குக் கோடியிலிருந்து கல்யாணமான புதிதில் கப்பலேறி வந்தவள். வாதம் அடித்ததில் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. புத்தி போகவில்லை. இங்கிலீஷில் சொன்னாலும் இத்தாலியனில் சொன்னாலும் விளங்கிக்கொள்வாள். பதில் சொல்ல அவளுக்கு மிச்சமிருந்தது இடது கையும் முகமும்தான்.

முதல் நாளே மரகதத்தின் பயிற்சியை அந்தக் கிழவி மதிக்கவில்லை. வலது கையைத் தூக்கிப் பிடித்து நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது, இடது கையின் விரல்களைக் குவித்து மரகதத்தின் மூக்குக்கு நேரே இரண்டு தடவை ஆட்டினாள். வேலுமணி செய்யும் அதே குவிப்பு. ஆனால் வேடிக்கையாக இல்லை. என்னடி செய்துகொண்டிருக்கிறாய் நீ என்று அந்தக் கை கேட்டது. யாரும் சொல்லித் தராமலே மரகதத்துக்கு அது புரிந்தது. புரிந்ததில் எரிச்சல் வந்தது.

கார்மெலாவின் ஒரே மகன் டோனி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். ஐம்பது வயது, கழுத்தில் தங்கச் சங்கிலி, அறைக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. அம்மாவின் கன்னத்தில் சத்தமாக முத்தம் கொடுத்துவிட்டு, நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் மரகதம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளிடம் தன் திட்டத்தைச் சொன்னான். அம்மாவை நர்சிங் ஹோமில் சேர்த்துவிடப் போகிறான். இருவரும் இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மா புழங்கிய சமையலறையை இடித்து, பில்லியர்ட்ஸ் மேசை போட்டு ஒரு குட்டி பார் கட்டப் போகிறான். மேசைக்கு ஆர்டர்கூடக் கொடுத்தாகிவிட்டது.

"அம்மாவுக்கும் இதில் சந்தோஷம்தான். இல்லையா மம்மா?" என்று திரும்பாமலே கேட்டான்.

கார்மெலா முகவாயை வெடுக்கென்று மேலே தூக்கினாள். 'ட்ச்' என்று நாக்கில் ஒரு சத்தம். இடது கை விரல்களின் வெளிப்புறத்தால் தாடைக்கு அடியில் தேய்த்து முன்னால் வீசினாள்.

"பார்த்தாயா, ஆமாம் என்கிறாள்" என்றான் டோனி.

மரகதத்துக்கு அது சம்மதமாகத் தோன்றவில்லை. அவள் அன்றிலிருந்து உற்றுக் கவனித்தாள். சாப்பாட்டுத் தட்டில் ஆஸ்பத்திரி சூப் வந்தால் கிழவி முகவாயைத் தூக்குவாள். தலை மேலே போனாலும் கீழே போனாலும் ஆமாம் என்றே பழகிய உதவியாளர் அதையும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு சூப்பை வைத்துவிட்டுப் போவார். சூப் ஆறி, ஆடை படிந்து, தொடாமல் திரும்பிப் போகும். ஆரஞ்சுப் பழம் வேண்டுமா என்றால் தலை கீழ்நோக்கி அசையும். பழம் ஒரு சுளை மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். கேஸ் பைலிலோ, நோயாளி எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்கிறார், அவர் பதிலை நம்ப முடியாது என்று டாக்டர் எழுதியிருந்தார். அதனால் முடிவெடுக்கும் பொறுப்பு மகன் கைக்குப் போயிருந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துவைத்தவள் கான்செட்டா. கார்மெலாவின் தெருக்காரி, அதே ஊரிலிருந்து வந்தவள். ஒரு புதன்கிழமை பஸ் பிடித்து வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். இரண்டு கிழவிகளும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் வம்பளந்தார்கள். கார்மெலா ஆள்காட்டி விரலால் கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துக் காட்டினாள். கான்செட்டா சிரித்து, விரலைக் கன்னத்தில் குத்தித் திருகினாள். மரகதம் வெட்கத்தை விட்டு அர்த்தம் கேட்டாள்.

"கண்ணை இழுத்தால், அவன் திருட்டுப்பயல், ஜாக்கிரதை என்று அர்த்தம். மகனைச் சொல்கிறாள். கன்னத்தைத் திருகினால் ருசி. நான் ஒளித்துக் கொண்டுவந்த பலகாரத்தைப் பற்றி" என்றாள் கான்செட்டா.

"முகவாயை இப்படித் தூக்கினால்?"

"அது தெரியாதா உனக்கு? இல்லை. மாட்டேன். எங்கள் பக்கம் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். டோனி கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது."

மரகதத்துக்கு அருவருப்பாக இருந்தது. தெரியாமல் தப்பாகப் படிக்கிற டாக்டரைச் சகித்துக்கொள்ளலாம். தெரிந்தே அம்மாவின் பதிலை மாற்றிச் சொல்கிறவனை என்ன செய்வது?

அன்று சாயங்காலம் வேலுமணியிடம் சொன்னாள். அவன் டிவியை நிறுத்தவில்லை.

"ஏம்புள்ள, நமக்கெதுக்கு அவங்க குடும்ப விவகாரம்? உன் ஆஸ்பத்திரிதானே கிரீன் கார்டு ஸ்பான்சர் பண்ணுது. கம்ப்ளெய்ன்ட் கிம்ப்ளெய்ன்ட் ஆச்சுன்னா அத்தனையும் போச்சு. பேசாம இரு."

"அவன் பொய் சொல்றானுங்க."

"சொல்லிட்டுப் போறான். உன் அம்மாவா அது?"

அவள் கன்னத்தில் கையை வைத்தபடி அந்த மனிதனைப் பார்த்தாள். இந்த முகத்தைத்தான் கல்யாண போட்டோவில் சாது என்று நினைத்தோம் என்று தோன்றியது.

கார்மெலாவை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்தது. டாக்டர், சூப்பர்வைசர், டோனி, சக்கர நாற்காலியில் கார்மெலா, பக்கத்தில் மரகதம். டாக்டர் கடமைக்கு, "நர்சிங் ஹோம் போகச் சம்மதமா?" என்று கேட்டார். கார்மெலா முகவாயைத் தூக்கினாள். டோனி, "சம்மதம்" என்றான். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"அது இல்லை என்று அர்த்தம்" என்றாள் மரகதம்.

சூப்பர்வைசர் அவளை முறைத்தார். டோனி கறுப்புக் கண்ணாடியை முதல்முறையாகக் கழற்றினான். "என் அம்மா பேசுவதை எனக்கு நீ சொல்லிக் கொடுக்கிறாயா?"

"சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும்." மரகதம் கிழவியின் பக்கம் திரும்பினாள். "உங்கள் பெயர் கார்மெலாவா?"

தலை கீழே அசைந்தது.

"டோனி உங்கள் கணவரா?"

முகவாய் மேலே போனது. 'ட்ச்'.

"மகனா?"

தலை கீழே அசைந்தது, கொஞ்சம் தயங்கி.

"இது ஆஸ்பத்திரியா? இது சர்ச்சா? நான் இத்தாலியப் பெண்ணா?" கீழே, மேலே, மேலே. கடைசிக் கேள்விக்குக் கார்மெலாவின் உதட்டில் ஓர் ஏளனம்கூட வந்தது. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, முன்னால் சாய்ந்து தானே கேட்டார்: "வீட்டுக்குப் போக வேண்டுமா?"

தலை கீழே போயிற்று. மறுபடி மறுபடி போயிற்று.

"அவளுக்குக் குழம்பிவிட்டது. என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை" என்றான் டோனி.

கார்மெலா தன் மகனைப் பார்த்தாள். இடது கையை முஷ்டியாக்கி முழங்கை மடித்து மேலே நிமிர்த்தினாள். அடுத்து வலது கையால் அந்த முழங்கை மடிப்பில் ஓங்கி அறைய வேண்டும். வலது கையோ மடியில் செத்துக் கிடந்தது. முஷ்டியை இறக்கினாள். மரகதத்தின் மணிக்கட்டைப் பற்றினாள். அவளுடைய கையைத் தன் பக்கம் இழுத்து விட்டுவிட்டு, முஷ்டியை மறுபடி நிமிர்த்தி, முழங்கைக் குழியை அந்த உள்ளங்கைக்கு நேரே நீட்டினாள். கிழவிக்கு வேண்டியது என்னவென்று மரகதத்துக்குத் தெரிந்தது. கையை ஓங்கி, பட்டென்று அந்தக் குழியில் அறைந்தாள்.

நாசமாய்ப் போடா என்பதைவிடப் பச்சையான இந்த வசவுக்கு நியூஜெர்சியில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. டோனியின் முகம் செங்கல் நிறமானது. சூப்பர்வைசர் இருமினார். டாக்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின.

கார்மெலா வீட்டுக்குப் போனாள். கான்செட்டா இரண்டு பெட்டிகளோடு வந்து அவளுடனே தங்கிவிட்டாள். சமையலறையை யாரும் இடிக்கவில்லை. பில்லியர்ட்ஸ் மேசை வந்து, இறக்க இடமில்லாமல் கராஜில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தது. டோனி தன் காரை மழையில் நிறுத்தப் பழகிக்கொண்டான். அவன் கொடுத்த புகாரின் பேரில் சூப்பர்வைசர் மரகதத்தைக் கூப்பிட்டு, நோயாளியின் குடும்பத்தை அவமதித்ததாகக் கண்டித்தார். அவள் நின்று கேட்டாள். ஸாரி சொல்லவில்லை.

வாரம் இருமுறை அந்த வீட்டுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாள். கார்மெலா நன்றி காட்டுகிற ரகம் இல்லை. மரகதத்தின் ஒல்லி இடுப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவள் காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டதைப் பார்த்து, தெய்வமே என்று கண்களை மேலே உருட்டினாள். மரகதமும், இத்தனை கறுப்பாகக் காபி குடிக்கிறவர்களுக்கு நாக்கு எதற்கு என்று தமிழில் சொல்லிவைத்தாள். வலது கை கடைசிவரை தேறவில்லை. விரல் நுனிகள் மட்டும் லேசாக மடங்கின. கார்மெலா அந்தக் கீழ்த்தளத்திலேயே இன்னும் மூன்று வருஷம் இருந்து, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

கிரீன் கார்டு 1998-ல் வந்தது. யாரும் எதையும் தடுக்கவில்லை. வேலுமணி நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தான். சாப்பாட்டு மேசையில் கார்மெலா கதையை அவனேதான் சொன்னான்.

"இவ பயந்துட்டா. நான்தான் சொன்னேன், நியாயம்னா கேட்டுத்தான் ஆகணும், வர்றது வரட்டும்னு."

நண்பர்கள் அவனைப் பாராட்டினார்கள். மரகதம் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ரசம் யாருக்கு வேண்டும் என்று கேட்டாள்.